குச்சி சொல்லாத கணக்கு: கொங்கு நாட்டில் நீரோட்டமும் திராட்சையும்

இது ஒலி எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.

கோயம்புத்தூர்ல இருந்து சிறுவாணி ரோட்டுல மேற்க போனீங்கன்னா, பேரூர் தாண்டி மாதம்பட்டி, ஆலாந்துறைன்னு ஊருங்க வரும். வடக்க திரும்பினா தொண்டாமுத்தூர், நரசீபுரம். இன்னைக்கு அந்தப் பக்கம் நிறைய வீட்டுமனை போர்டு, தென்னை, பாக்கு, வார இறுதிக்கு வாடகைக்கு விடற பண்ணை வீடு. ஒரு தலைமுறைக்கு முன்னாடி அங்க போயிருந்தா, கல்தூண் நட்டு கம்பி இழுத்த திராட்சைப் பந்தலை நிறையப் பார்த்திருப்பீங்க. பன்னீர் திராட்சை. விதையோட, கருநீலமா, கொஞ்சம் ரோஜா வாசனையோட இருக்கும்ல, அதேதான்.

அந்தப் பந்தல் பல இடத்துல போயிடுச்சு. காரணம் நிறைய. கூலிக்கு ஆள் கிடைக்கல, நிலத்து விலை ஏறிடுச்சு, யானை வருது, நோய் வருது. ஆனா அந்தப் பக்கத்து விவசாயிங்ககிட்ட பேசினா முதல்ல வர்ற வார்த்தை தண்ணி. அடுத்து வர்ற வார்த்தை போர். போர் போட்ட கதையைக் கேட்டா, கண்டிப்பா ஒரு ஆள் உள்ள வருவார். கையில கவட்டு வேப்பங்குச்சியோ, உள்ளங்கையில படுக்க வச்ச தேங்காயோ, வளைச்ச செம்புக் கம்பியோ வச்சுட்டு நிலத்துல நடப்பார். ஒரு இடத்துல குச்சி கீழ இழுக்கும், தேங்காய் எந்திரிச்சு நிக்கும். அங்க ஒரு கல்லை வச்சு, "இங்க போடுங்க, ரெண்டு ஓட்டம் சேருது"ம்பார். அவர்தான் நீரோட்டம் பாக்கறவர்.

இது உண்மையா பொய்யான்னு யூடியூப்ல ஆயிரம் சண்டை நடந்தாச்சு. அதுக்கும் பதில் சொல்லிடறேன், தப்பிச்சு ஓடமாட்டேன். ஆனா எனக்கு அதைவிடப் பெரிய கேள்வி ஒண்ணு இருக்கு. மோட்டாரும் பம்பும் செய்யற ஊரு, என்ஜினீயரிங் காலேஜ் நிறைஞ்ச ஊரு, விவசாயப் பல்கலைக்கழகம் இருக்கற ஊரு. இங்க ஏன் குச்சி இன்னும் நடக்குது? குச்சி யாருடைய, எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லுது?

ஊத்துக்கண் தெரிஞ்ச காலம்

கொங்கு நாட்டுல நிலத்தை மூணா பிரிச்சுச் சொல்வாங்க. ஆத்துத் தண்ணியோ குளத்துத் தண்ணியோ பாயறது வயல். மழையை மட்டும் நம்பி நிக்கறது காடு. சென்னைக்காரங்க "காட்டுக்குப் போறேன்"னு கேட்டா புலி வருமான்னு யோசிப்பீங்க. இங்க காடுன்னா சோளம், கம்பு விதைக்கற மானாவாரி நிலம். மூணாவது தோட்டம். தோட்டம்னா கிணத்துப் பாசனம் இருக்கற நிலம். கிணறு வெட்டினா காடு தோட்டமாகும். அதனால இந்த மண்ணுல ஒரு குடும்பத்தோட நிலைமையை மாத்தற பெரிய முடிவு கிணறு வெட்டறது.

ஏன்னா வானம் இங்க கஞ்சம். மேற்குத் தொடர்ச்சி மலை தென்மேற்குப் பருவமழையை அந்தப் பக்கமே இறக்கி வச்சுடுது. கோவைச் சமவெளிக்கு வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 600 முதல் 700 மில்லிமீட்டர்தான் மழை. அதே மாவட்டத்துல வால்பாறை பக்கம் இருக்கற சின்னக்கல்லார் தென்னிந்தியாவுலேயே அதிகமா மழை பெய்யற இடங்கள்ல ஒண்ணு. மலை ஒண்ணுதான், விதி ரெண்டு.

மண்ணுக்குக் கீழயும் தாராளம் இல்ல. கங்கைச் சமவெளி மாதிரி ஆழமான மணல் அடுக்கு இங்க கிடையாது. மேல கொஞ்சம் மண்ணு, அதுக்குக் கீழ சிதைஞ்ச பாறை, அதுக்கும் கீழ கெட்டிப் பாறை. தண்ணி அந்தச் சிதைஞ்ச அடுக்குலயும் பாறையோட வெடிப்புலயும்தான் இருக்கும். நூறு அடி தள்ளிப் போட்ட ரெண்டு துளையில ஒண்ணு பொங்கும், இன்னொண்ணுல புழுதி பறக்கும். இதை மறந்துடாதீங்க, கதை முழுக்க இதுமேலதான் நிக்குது.

பழைய திறந்த கிணத்துல ஒரு வசதி இருந்துச்சு. தண்ணி கண்ணுக்குத் தெரியும். எந்தப் பக்கம் ஊத்துக்கண் இருக்கு, எது வத்திடுச்சு, எந்தப் படி வரைக்கும் மட்டம் நிக்குதுன்னு வீட்டுல சின்னப் பையனுக்கும் தெரியும். இறைக்கறதும் மாட்டை வச்சுத்தான். கவலை ஓட்டறதுன்னு பேரு. ரெண்டு எருது சரிவுல இறங்கும்போது தோல் பறி மேல வந்து தண்ணியைக் கொட்டும். மாடு எவ்வளவு இழுக்குதோ அவ்வளவுதான் எடுக்க முடியும். மட்டம் இறங்குச்சுன்னா மாடும் மனுஷனும் களைச்சுப்போவாங்க, பாசனப் பரப்பு தானா குறையும். பல கிணறு பங்காளிங்களுக்குப் பொது. ஆளுக்கு இத்தனை நாள்னு முறை வச்சு இறைப்பாங்க. சண்டை இல்லாம இல்ல. ஆனா எதுக்குச் சண்டை போடறோம்னு எட்டிப் பார்த்தா தெரியும்.

மரமும் புற்றும் சொன்னது

அப்போ அந்தக் காலத்துல எங்க வெட்டறதுன்னு எப்படி முடிவு பண்ணாங்க? கி.பி. 6-ம் நூற்றாண்டுல வராகமிகிரர் தொகுத்த பிருகத் சம்ஹிதையில நிலத்தடி நீரைப் பத்தி ஒரு முழு அத்தியாயம் இருக்கு. அது பெரும்பாலும் அடையாளங்களோட பட்டியல். இந்த மரத்துக்கு இந்தத் திசையில கரையான் புற்று இருந்தா, இத்தனை முழம் தள்ளி, இத்தனை ஆள் ஆழத்துல தண்ணி. ஆழத்துக்கு அளவு, கையைத் தூக்கி நிக்கற மனுஷனோட உயரம். வழியில எந்த நிற மண் வரும், எந்த மாதிரி கல் வரும்னு கூட சொல்லுது.

இதுல எல்லாமே சரின்னு நான் சொல்ல வரல. ஆனா முறையைப் பாருங்க. வறட்சியிலயும் பச்சையா நிக்கற மரத்தோட வேர் எங்கயோ ஈரத்தைத் தொட்டிருக்கணும். கரையானுக்கும் ஈரம் வேணும். வெளியில இருக்கற தடயத்தைப் பார்த்து உள்ள இருக்கறதை ஊகிக்கறாங்க. நம்ம ஊர்ப் பெரியவங்க பாறைச் சரிவு, மரம், புற்று, பக்கத்துக் கிணறு எல்லாத்தையும் பார்த்துட்டுப் பேசறதும் இதே வகைதான். இது கவனிப்பு. தப்பாகலாம், ஆனா தப்பான்னு சோதிச்சுப் பார்க்க முடியும்.

குச்சியோட கதை வேற. அதுக்குத் தெளிவான பழைய எழுத்துச் சான்று ஐரோப்பாவுல, ஜெர்மன் சுரங்கத் தொழிலாளிங்ககிட்ட இருந்து வருது. 1556-ல வெளியான அக்ரிகோலாவோட சுரங்கவியல் நூல்ல கவட்டுக் குச்சியோட நடக்கறவங்க படமே இருக்கு. அவங்க தேடினது தண்ணியை இல்ல, உலோகத்தை. அக்ரிகோலாவே இதை நம்பல. விவரம் தெரிஞ்ச சுரங்கக்காரனுக்குக் குச்சி தேவையில்ல, இயற்கை காட்டற அடையாளம் போதும்னு எழுதினார்.

அங்கயும் ஒரு திராட்சைத் தொடர்பு இருக்கு. 1692-ல பிரான்சோட லியோன் நகரத்துல ஒரு ஒயின் வியாபாரியும் அவர் மனைவியும் கொலை செய்யப்பட்டாங்க. குற்றவாளி சிக்கல. அதிகாரிங்க, தண்ணி பாக்கறதுல பேர் வாங்கின ஜாக் எமார்ங்கற கிராமத்து ஆளைக் கூட்டிட்டு வந்தாங்க. அவர் குச்சியைப் பிடிச்சுக்கிட்டு ஊர் ஊரா போய், சிறையில இருந்த ஒரு கூன் முதுகு இளைஞனைக் காட்டினார். அவனுக்கு மரண தண்டனை. அடுத்த வருஷம் பாரிஸ்ல எமாரைக் கூப்பிட்டு, புதைச்சு வச்ச பொருளைக் கண்டுபிடிக்கச் சொன்னாங்க. தோத்துட்டார். 1701-ல, நீதி விசாரணையில குச்சியைப் பயன்படுத்தக் கூடாதுன்னு திருச்சபையோட விசாரணை மன்றமே தடை போட்டுச்சு.

இந்தியாவுல அரசாங்கமே ஒரு குச்சிக்காரரைச் சம்பளத்துக்கு வச்சிருந்த காலமும் உண்டு. 1920-கள்ல பம்பாய் மாகாண அரசு மேஜர் போக்சன்ங்கற ஆங்கிலேய அதிகாரியைத் தண்ணி பாக்கற வேலைக்கு நியமிச்சுச்சு. படிக்காத கிராமத்தான்தான் இதை நம்புவான்னு நினைச்சீங்கன்னா, அந்த நினைப்பை இங்கயே இறக்கி வச்சுடுங்க.

கரண்ட் வந்துச்சு, தண்ணி மறைஞ்சுச்சு

இப்போ திரும்ப கோயம்புத்தூர். 1930-களோட தொடக்கத்துல நீலகிரி பைக்காரா நீர்மின் நிலையத்துல இருந்து கரண்ட் வந்துச்சு. மில்லுங்க பெருகினதும் அதனாலதான். 1937-ல ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரமும் இந்தியாவோட முதல் மின்மோட்டாரை இங்க செஞ்சாங்க. பம்பு செய்யற ஊருன்னு கோவைக்குப் பேர் வந்துச்சு. மாட்டோட களைப்புங்கற பழைய எல்லை போயிடுச்சு. மோட்டார் களைக்காது. கிணறு 40 அடியில இருந்து 80, 100 அடின்னு இறங்குச்சு.

கரண்ட் விலை ஒரு பெரிய அரசியல் ஆச்சு. நாராயணசாமி நாயுடு தலைமையில விவசாயிங்க திரண்ட கதை தனி எபிசோடுக்கு ஆகும். மின்கட்டண உயர்வை எதிர்த்த போராட்டத்துல 1970-ல பெருமாநல்லூர்ல போலீஸ் சுட்டு 3 விவசாயிங்க இறந்தாங்க. 1972-ல ஆயிரக்கணக்கான மாட்டு வண்டிங்க கோவை நகரத்தை அடைச்சுச்சு. 1980-கள்ல சிறு விவசாயிங்களுக்கும், 1990-ல எல்லா விவசாயிங்களுக்கும் இலவச மின்சாரம் வந்துச்சு. அந்தப் போராட்டத்தோட நியாயத்தை நான் குறைச்சுப் பேசல. கால்வாய் பாசனக்காரருக்குத் தண்ணி கிட்டத்தட்ட சும்மா வந்துச்சு, கிணத்துக்காரர் ஒவ்வொரு சொட்டுக்கும் காசு கட்டினார். அந்தக் கோபம் நியாயமானது. ஆனா இன்னொரு விளைவும் வந்துச்சு. எவ்வளவு ஆழத்துல இருந்து இழுத்தாலும் இழுக்கற செலவு ஒண்ணுதான்னு ஆயிடுச்சு.

கூடவே துளை போடற வண்டி வந்துச்சு. கெட்டிப் பாறையை காத்தழுத்தத்துல உடைச்சுக்கிட்டு இறங்கற ரிக். 1960-களோட பிற்பகுதி வறட்சியில யுனிசெஃப் இந்தியாவுக்குக் கொண்டு வந்த தொழில்நுட்பம், குடிநீருக்காக. அதைத் தொழிலா எடுத்து நாடு முழுக்கக் கொண்டு போனது யாரு? நம்ம திருச்செங்கோட்டுக்காரங்க. இன்னைக்கும் ராஜஸ்தான்லயோ சத்தீஸ்கர்லயோ ஒரு போர் வண்டி நின்னா, பதிவு எண்ணைப் பாருங்க, நாமக்கல் பக்கத்து வண்டியா இருக்க நல்ல வாய்ப்பு இருக்கு.

இங்கதான் என் கருத்து வருது. திறந்த கிணத்துல தண்ணி தெரிஞ்சுது. ஆறரை அங்குலத் துளையில எதுவும் தெரியாது. 800 அடி, 1000 அடி கீழ என்ன இருக்குன்னு நிலத்துக்காரருக்கும் தெரியாது, வண்டிக்காரருக்கும் தெரியாது. அடிக்கு இவ்வளவுன்னு மீட்டர் மட்டும் ஓடுது. தண்ணி கண்ணுல இருந்து மறைய மறைய, தெரியாததைத் தெரியும்னு சொல்ற ஆளுக்கு மதிப்பு கூடுச்சு. பழைய நம்பிக்கை ஏதோ மிச்சமா ஒட்டிக்கிட்டு இருக்குன்னு நாம நினைக்கறோம். ஆனா இன்னைக்கு இருக்கற அளவுக்கு நீரோட்டம் பாக்கற தொழிலை வளர்த்தது ரிக் வண்டி. நவீன இயந்திரம் உருவாக்கின தேவையைத்தான் குச்சி தீர்த்து வைக்குது.

கொடி ஏன் கட்டிப் போடுது

சரி, இதுல திராட்சைக்கு என்ன தனி இடம்? தக்காளி போட்டவருக்குத் தண்ணி இல்லன்னா, அடுத்த பருவம் நிலத்தைச் சும்மா போடலாம். நஷ்டம் ஒரு பருவத்தோட போச்சு. திராட்சைக்காரருக்கு அந்தச் சுதந்திரம் கிடையாது. கல்தூண், கம்பி, நாத்து எல்லாத்துக்கும் முதல்லயே பணத்தைப் போட்டாச்சு. கொடி பலன் கொடுக்கவே ரெண்டு வருஷம் ஆகும், அப்புறம் பத்துப் பதினஞ்சு வருஷம் காய்க்கணும். கவாத்து பண்ணி, அடுத்த காய்ப்புக்குக் கொடி தயாராகற நேரத்துல தண்ணி நின்னா, போட்ட மொத்தமும் காயும். அதனால போர் வத்தினா, "விட்டுடலாம்"னு தோணாது. "இன்னொண்ணு போட்டுப் பார்க்கலாம்"னுதான் தோணும். அதுவும் வத்தினா இன்னொண்ணு. சூதாட்டத்துல விட்டதைப் பிடிக்கற கணக்கு மாதிரி. வித்தியாசம் என்னன்னா, இவர் ஆடறது ஆசையில இல்ல, கொடியைக் காப்பாத்த.

பன்னீர் திராட்சையோட உண்மையான பேரு மஸ்கட் ஹாம்பர்க். 19-ம் நூற்றாண்டு இங்கிலாந்துல, கண்ணாடி வீட்டுத் தோட்டக்காரங்க உருவாக்கின ரகம். மழை ஊரோட குழந்தை, மழை மறைவுப் பிரதேசத்துல வளருது. இதை நாம வளர்க்கறது சாப்பிட, ஜூஸ் போட. எடைக்கு விலை. பழம் உருண்டு திரண்டு இருக்கணும், அதுக்குத் தண்ணி வேணும்.

ஒயினுக்கு வளர்க்கற ஊர்ல கணக்கு வேற. அங்க கொடியைக் கொஞ்சம் தாகத்துல வைக்கறதே ஒரு முறை. பழம் சின்னதா இருந்தா, சாறுக்குத் தோலோட விகிதம் கூடும், நிறமும் சுவையும் அடர்த்தியாகும். பிரான்ஸ்ல பேர்பெற்ற பல ஒயின் பகுதிகள்ல கொடிக்குத் தண்ணி பாய்ச்சறதுக்கே நீண்ட காலம் தடை இருந்துச்சு.

நம்ம பக்கம் அந்த வழி திறக்கவே இல்ல. சென்னை மாகாணத்துல மதுவிலக்கு முதன்முதலா அமலானதே கொங்கு மண்டலத்துல, 1937 அக்டோபர் 1, சேலம் மாவட்டம். கொண்டு வந்தவர் ராஜாஜி. 1948-ல மாகாணம் முழுக்க பரவுச்சு, 1971-ல தளர்ந்துச்சு. அந்த இடைவெளியில திராட்சையில இருந்து ஒயின்னு ஒரு கிராமத் தொழில் வளர வாய்ப்பே இல்ல. மதுவிலக்கு போன பிறகும் மது ஆலையும் சாராயக் கடையும் வந்துச்சே தவிர, விவசாயிக்கு ஒயின் வரல. மகாராஷ்டிரா 2001-ல தனி ஒயின் கொள்கை கொண்டு வந்து நாசிக்கை வளர்த்துச்சு. தமிழ்நாட்டுல தேனி மாவட்டத்துல ஒரு ஆலை வந்துச்சு, பெரிய தொழிலா அது வேர் பிடிக்கல.

தேனியோட கம்பம் பள்ளத்தாக்குல மட்டும் பன்னீர் திராட்சை செழிப்பா நிக்குது. 2023-ல புவிசார் குறியீடும் வாங்கிடுச்சு. அந்தப் பள்ளத்தாக்குக்கு 1895-ல இருந்து முல்லைப் பெரியாறு தண்ணி வருது. தொண்டாமுத்தூர்ப் பந்தலுக்கு அப்படி ஒரு அணை பின்னாடி இல்ல. கீழ இருந்த கையிருப்புதான், அதுவும் மழை போட்டா மட்டும் கூடற கையிருப்பு. 2016-ல வடகிழக்குப் பருவமழை 60 சதவீதத்துக்கு மேல குறைஞ்சு, அடுத்த ஜனவரியில தமிழ்நாட்டோட எல்லா மாவட்டத்தையும் வறட்சி மாவட்டம்னு அரசு அறிவிச்சுச்சே, அந்த மாதிரி ஒரு வருஷம் போதும்.

ஒயின் இருந்திருந்தா தப்பிச்சிருப்போமா?

இந்தக் கேள்விக்குக் கலிஃபோர்னியா பதில் சொல்லுது. 2012-ல தொடங்கின பெரிய வறட்சியில, உலகத்தோட விலை உயர்ந்த ஒயின் தோட்டங்கள்ல ஒண்ணான நாப்பா பள்ளத்தாக்குல என்ன நடந்துச்சு தெரியுமா? தண்ணி பாக்கறவங்களுக்கு வேலை குவிஞ்சுச்சு. அதுல பிரபலமானவர் மார்க் மொண்டாவி. சார்ல்ஸ் க்ரூக்ங்கற பழம்பெரும் ஒயின் நிறுவனத்தை நடத்தற குடும்பம், ராபர்ட் மொண்டாவியோட அண்ணன் தம்பி வழி. அவரே கம்பியைப் பிடிச்சுக்கிட்டு தோட்டத்துல நடப்பார். அவர் வெளியிட்ட ஒரு ஒயினோட பேரே 'தி டிவைனிங் ராட்', அதாவது நீரோட்டக் குச்சி.

பணம் இருக்கு, படிப்பு இருக்கு, பக்கத்துலயே உலகப் புகழ் பல்கலைக்கழகம் இருக்கு. தொண்டாமுத்தூர்ல நடக்கறதுதான் அங்கயும் நடக்குது. ஆக, இது அறியாமையோட கதை இல்ல. கீழ என்ன இருக்குன்னு தெரியாம பெரிய பணத்தைப் போடற எல்லாரோட கதை.

ஆனா ஒரு வித்தியாசம். 2014-ல அதே வறட்சி நடுவுல கலிஃபோர்னியா நிலத்தடி நீருக்குன்னு ஒரு சட்டம் போட்டுச்சு. ஒவ்வொரு வடிநிலத்துக்கும் உள்ளூர் அமைப்பு இருக்கணும், எடுக்கறதும் ஊறறதும் ஒரு காலக்கெடுவுக்குள்ள சமமாகணும். சுலபமா நடக்கல, வழக்கு மேல வழக்கு. இருந்தாலும் கேள்வி மாறுச்சு. தமிழ்நாடும் 2003-ல நிலத்தடி நீர் மேம்பாடு, மேலாண்மைச் சட்டம் நிறைவேத்துச்சு. அது நடைமுறைக்கு வரவே இல்ல. 2013-ல ரத்து பண்ணிட்டாங்க. அதனால இன்னைக்கும் அடிப்படை 1882-ம் வருஷத்து அனுபவப் பாத்தியதைச் சட்டம்தான். அது சொல்றது, திட்டமான ஓடையா ஓடாத நிலத்தடி நீரை நிலத்துக்காரர் தன் எல்லைக்குள்ள எடுத்துக்கலாம். நிலத்தோட எல்லைக்கல் மேல இருக்கு. பாறை வெடிப்புக்கு எல்லைக்கல் யார் நட்டது?

சரி, குச்சி வேலை செய்யுதா?

சொன்ன மாதிரி பதில் சொல்லிடறேன். குச்சி அசையறது நிஜம். பிடிக்கறவர் ஏமாத்தறார்னு அர்த்தம் இல்ல. 1852-ல வில்லியம் கார்பெண்டர் இதுக்கு விளக்கம் கொடுத்தார். நமக்கே தெரியாம, மனசுல இருக்கற எதிர்பார்ப்பு கைத்தசையை லேசா அசைக்கும். இறுக்கிப் பிடிச்ச கவட்டுக் குச்சி அந்தச் சின்ன அசைவையும் பெருசாக் காட்டும்.

1980-களோட கடைசியில ஜெர்மனியில மியூனிக் பக்கம் ஒரு களஞ்சியத்துல பெரிய சோதனை நடந்துச்சு. கீழ்த்தளத்துல தண்ணிக் குழாயை இடம் மாத்தி மாத்தி வச்சு, மேல்தளத்துல நடக்கறவங்க கண்டுபிடிக்கணும். நூத்துக்கணக்கான பேர்ல வடிகட்டி 43 பேரை வச்சு 800-க்கும் மேற்பட்ட முறை சோதிச்சாங்க. சிலருக்குத் திறமை இருக்குன்னு நடத்தினவங்க சொன்னாங்க. அதே தரவை அலசின ஜிம் என்ரைட், குருட்டாம்போக்குல சொன்னாலும் இவ்வளவு வரும்னு காட்டினார்.

இலங்கை உதாரணம் ஒண்ணும் அடிக்கடி வரும். வறண்ட மண்டலத்துல ஒரு ஜெர்மன் உதவித் திட்டம், குச்சி பாக்கறவர் குறிச்ச இடங்கள்ல 691 துளை போட்டு 96 சதவீதம் வெற்றின்னு அறிவிச்சாங்க. கேட்டா அசந்து போவோம். ஆனா அதே நிலத்துல, அதே எண்ணிக்கையில, குச்சி இல்லாம போட்டுப் பார்த்த துளைங்க எங்க? அந்த ஒப்பீடு இல்லாம 96-ங்கற எண்ணுக்குத் தனியா மதிப்பு கிடையாது. ஒப்பீடு இருந்த இடம் ஆஸ்திரேலியாவோட நியூ சவுத் வேல்ஸ். 1918-ல இருந்து 1945 வரைக்கும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட துளைகளை அரசு பதிவு பண்ணுச்சு. குச்சி பார்த்துப் போட்டதுல முழுத் தோல்வி கிட்டத்தட்ட 15 சதவீதம், பார்க்காம போட்டதுல 7 சதவீதம்.

நம்ம பாறை நிலத்துல ஏன் குச்சி ஜெயிக்கற மாதிரி தோணுது? ஏன்னா ஏதோ ஒரு ஈரம் பல இடத்துல கிடைக்கும். பாக்கறவர் அனுபவஸ்தர், மரத்தையும் சரிவையும் பக்கத்துக் கிணத்தையும் பார்த்துட்டுத்தான் நடக்கறார். ஜெயிச்ச போரை ஊரே பேசும். தோத்த துளைமேல கல்லை வச்சு மூடிடுவோம், அதோட பேச்சும் மூடிடும்.

அப்போ மாத்து என்ன? மின்தடை அளவீடுன்னு ஒண்ணு இருக்கு. நிலத்துல கம்பி நட்டு கரண்ட் விட்டு, கீழ ஈரமா காஞ்ச பாறையான்னு கணிக்கறது. தமிழ்நாடு வேளாண்மைப் பொறியியல் துறையே விவசாயிங்களுக்குக் குறைஞ்ச கட்டணத்துல செஞ்சு தருது. குச்சியைவிட நிச்சயமா மேல். ஆனா அதுவும் ஒல்லியான வெடிப்பைத் தவறவிடும். நிபுணர் "வாய்ப்பு இருக்கு"ன்னுதான் சொல்வார். குச்சிக்காரர் "இங்கதான்"ம்பார். கடன் வாங்கி, வண்டி வாசல்ல நிக்கும்போது, மனசு எந்தச் சொல்லைத் தேடும்?

அமெரிக்க மானுடவியலாளர் ஈவான் வோக்ட் இதைத்தான் 1950-கள்ல நியூ மெக்சிகோவோட வறண்ட கிராமத்துல பார்த்தார். குச்சி தண்ணியைத் தருதோ இல்லையோ, முடிவெடுக்கற தைரியத்தைத் தருதுன்னு எழுதினார். தோத்தாலும் பழி தன்மேல முழுசா விழாது. கொங்குல வீட்டுல நடக்கற பேச்சை யோசிச்சுப் பாருங்க. "ஏனுங்க, எதுக்கு அங்க போட்டீங்க?"ன்னு கேட்டா, "பார்த்தவர் அங்கதானே சொன்னார்"ங்கற பதில் ஒரு மனுஷனைத் தாங்கும்.

கேட்க வேண்டிய கேள்வி

நான் இதைக் கிண்டல் பண்ண முடியாத இடம் இதுதான். ஆனா ஆபத்தும் இதே இடத்துலதான் இருக்கு. குச்சி ஒரே ஒரு கேள்விக்குத்தான் பதில் சொல்லுது, "எங்க?" சொல்லப்போனா ரிக் வண்டியும் மின்தடை மிஷினும் கூட அதே கேள்விக்குத்தான். நாளைக்கு நூறு சதவீதம் சரியா சொல்ற ஒரு குச்சி வந்துட்டா என்ன ஆகும்? எல்லாரும் சரியான இடத்துல போர் போடுவாங்க, தண்ணி இன்னும் சீக்கிரம் தீரும். எவ்வளவு மிச்சம், யார் யார் எவ்வளவு எடுக்கலாம்ங்கறதுதான் முக்கியமான கேள்வி. அது தனி ஆளோட நிலத்துல நடந்து பார்த்துச் சொல்லக்கூடிய விஷயம் இல்ல.

அதைச் சொல்ல முடியுமான்னா, முடியும். ஆந்திராவுல 2000-கள்ல, நம்ம மாதிரியே கெட்டிப் பாறை இருக்கற 7 வறட்சி மாவட்டங்கள்ல, விவசாயிங்களே கிணத்து மட்டத்தையும் மழையையும் அளந்தாங்க. வருஷா வருஷம் கிராமமா உக்காந்து, "இவ்வளவு தண்ணி இருக்கு, என்ன பயிர் போடலாம்"னு கணக்குப் போட்டாங்க. யாரும் யாரையும் கட்டாயப்படுத்தல. கணக்கு சுவர்ல எழுதியிருந்துச்சு. பல இடத்துல மக்கள் தாங்களாவே நெல்லைக் குறைச்சாங்க. பழைய திறந்த கிணறு சும்மா செஞ்சு கொடுத்த வேலையை, அதாவது தண்ணியைக் கண்ணுக்குக் காட்டற வேலையை, நோட்டும் அளவுநாடாவும் வச்சு மறுபடியும் செஞ்சாங்க.

சிட்டியில இருந்து கேக்கறவங்க, இது தோட்டத்துக்காரங்க பிரச்சினைன்னு ஹெட்போனைக் கழட்டிடாதீங்க. உங்க அப்பார்ட்மெண்ட் வாட்ஸ்அப் குரூப்ல அடுத்த கோடையில "புது போர் போடணும், ஒருத்தர் நல்லா பாக்கறார்"னு ஒரு மெசேஜ் வரும். வர்றவரை மரியாதையா நடத்துங்க, அவருக்கு டீ கொடுங்க. ஆனா மீட்டிங்ல ஒரு கேள்வி கேளுங்க. இருக்கற போர்ல மட்டம் போன வருஷம் எத்தனை அடியில இருந்துச்சு, இந்த வருஷம் எத்தனை அடி? யாருக்கும் தெரியலன்னா, புதுத் துளைக்கு முன்னாடி முதல்ல அதை அளக்க ஏற்பாடு பண்ணுங்க.

நாராயணசாமி நாயுடுவும் மாட்டு வண்டிப் போராட்டமும் பத்தித் தனியா பேசணும்னு சொன்னேன்ல, அடுத்த எபிசோட்ல அதை எடுத்துக்கலாம்.